சுருளுக்குள் 800 ஜூல்

வட அமெரிக்கப் புறநகர் வீடுகளில் முன்வாசல் என்று ஒன்று இருந்தாலும், வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் போய்வருவது கராஜ் கதவு வழியாகத்தான். டொரண்டோவின் ஸ்கார்பரோவிலோ, டெக்சஸில் டல்லாஸைச் சுற்றியுள்ள ஊர்களிலோ ஒரு குடியிருப்புத் தெருவில் நடந்துபாருங்கள். பல வீடுகளின் முகப்பில் பாதியை இந்தக் கதவே அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டு கார் நிற்கும் கராஜ் என்றால் கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். எஃகுத் தகட்டால் செய்த எளிய கதவுகூட ஏறக்குறைய 150 பவுண்டு, அதாவது 68 கிலோ இருக்கும். மரக் கதவு இன்னும் கனம். ஆனாலும் மோட்டாரின் பிடியை விடுவித்துவிட்டுக் கதவின் அடிவிளிம்பில் கை வைத்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகூட அதை ஒற்றைக் கையால் மேலே ஏற்றிவிடும்.

அந்த 68 கிலோ எங்கே போயிற்று? இதற்கு விடை தெரிந்தவர்தான் அந்தக் கதவின் ஸ்பிரிங்கைத் தன் கையால் தொடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும். விடை தெரியாமல் ஸ்குரூ டிரைவரோடு ஏணியில் ஏறுகிறவர்கள் கையையும் முகத்தையும் இழக்கிறார்கள். ஆகவே கருவிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் இயற்பியல் பேசியாக வேண்டும்.

மோட்டார்தான் கதவைத் தூக்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கூரையில் தொங்கும் அந்தப் பெட்டி உண்மையில் கதவை இப்படியும் அப்படியும் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. கதவின் எடையைத் தாங்குவது அதன் வேலையல்ல. வரலாறும் இதைத்தான் சொல்கிறது: பகுதி பகுதியாக மடிந்து மேலேறும் கதவை சி. ஜி. ஜான்சன் உருவாக்கியது 1921-ல்; அதற்கு மின்மோட்டார் வந்தது 1926-ல். நடுவே இருந்த ஆண்டுகளில் மனிதர்கள் அதைக் கையால்தான் தூக்கினார்கள். அதற்கு முன்பு இருந்தவை பக்கவாட்டில் திறக்கும் இரட்டைக் கதவுகள். வாசலில் பனி குவிந்துவிட்டால் அவற்றை வெளிப்பக்கம் திறக்க முடியாது. மேலே ஏறும் கதவுக்குப் பனி ஒரு தடையே இல்லை. ஆனால் ஒரு சுவரையே மேலே தூக்குவது போன்ற இந்த ஏற்பாடு ஸ்பிரிங் இல்லாமல் நடக்கவே நடக்காது.

கராஜுக்குள் நின்று மூடிய கதவின் மேல்விளிம்பைப் பாருங்கள். சுவரோடு கிடைமட்டமாக ஒரு ஷாஃப்ட் ஓடுகிறது. அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு டிரம். ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் ஒரு எஃகுக் கேபிள் இறங்கிக் கதவின் கீழ்மூலையைப் பிடித்திருக்கிறது. ஷாஃப்டின் நடுவில், ஒரு தகட்டின் இருபுறமும் இரண்டு நீண்ட சுருள் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும். ஸ்பிரிங்கின் ஒரு முனை நடுத்தகட்டோடு அசையாமல் பூட்டப்பட்டது. மறுமுனையில் உள்ள உலோகக் கோன், செட் ஸ்குரூக்களால் ஷாஃப்டோடு இறுக்கப்பட்டது. கதவு இறங்கும்போது கேபிள் டிரம்மைச் சுற்ற, ஷாஃப்ட் சுற்ற, ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. கதவு ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, கேபிளைச் சுருட்டிக் கதவைத் தூக்குகிறது. இன்று காலை கதவு ஏறுவதற்கான ஆற்றலை, நேற்றிரவு இறங்கிய அதே கதவின் எடைதான் ஸ்பிரிங்கில் சேர்த்துவைத்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்திருக்க வேண்டும். ராபர்ட் ஹூக் 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு மறைமுகமாக அறிவித்து, 1678-ல் வெளிப்படையாகச் சொன்ன விதியின்படி, ஸ்பிரிங்கின் விசை அதன் உருமாற்றத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். முறுக்கு அவிழ அவிழ அதன் பலம் குறைந்துகொண்டே போகும். கதவின் எடையோ மாறாதது. அப்படியானால் மூடிய நிலையில் கதவைச் சரியாகத் தாங்கும் ஸ்பிரிங், பாதி உயரத்தில் பாதி பலத்தோடு தோற்றுப்போக வேண்டும். ஏன் தோற்பதில்லை?

கதவு மடிவதால்தான். மேலே ஏறும் ஒவ்வொரு பலகையும் வளைவைத் தாண்டிக் கூரையோடு ஓடும் கிடைத் தண்டவாளத்துக்குள் போய்விடுகிறது. அங்கே போன பலகையின் எடையைத் தாங்குவது தண்டவாளம், கேபிள் அல்ல. பாதி ஏறிய கதவில் கேபிளில் தொங்குவது பாதி எடைதான். முக்கால்வாசி ஏறினால் கால்வாசிதான். தொங்கும் எடை நேர்கோட்டில் குறைகிறது. ஸ்பிரிங்கின் பலமும் நேர்கோட்டில் குறைகிறது. இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அன்றாட எந்திரங்களில் இவ்வளவு நேர்த்தியான பொருத்தத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. கூரை உயரமாக இருந்து, கதவு வெகுதூரம் செங்குத்தாகவே ஏற வேண்டிய கட்டடங்களில் இந்தப் பொருத்தம் கெட்டுவிடும். அங்கே டிரம்மைக் கூம்பு வடிவில் செய்து, கேபிள் சுற்றும் ஆரத்தை மாற்றிக் கணக்கைச் சரிக்கட்டுகிறார்கள்.

நம் ஊர்க் கடைகளின் ரோலிங் ஷட்டருக்குள்ளும் இதே கணக்குதான் இருக்கிறது. கையால் தள்ளி ஏற்றும் ஷட்டரின் மேலே, தகடு சுருளும் குழாயில் ஸ்பிரிங்குகள் உண்டு. ஷட்டர் மேலே சுருளச் சுருளத் தொங்கும் தகடு குறைகிறது, ஸ்பிரிங்கும் தளர்கிறது. இரவில் கடையடைக்கும்போது ஷட்டர் தடாலென்று விழுந்தாலோ, காலையில் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தாலோ ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று பொருள்.

இப்போது எண்களுக்கு வருவோம். வழக்கமான டிரம்மின் ஆரம் 2 அங்குலம், அதாவது சுமார் 5 செ.மீ. 68 கிலோ கதவு முழுவதும் தொங்கும்போது ஷாஃப்டில் வேண்டிய திருப்புவிசை 34 நியூட்டன் மீட்டர். 7 அடிக் கதவு முழுமையாக ஏற டிரம் 6.7 முறை சுற்ற வேண்டும். கதவு உச்சியில் இருக்கும்போதும் கேபிள் தொய்ந்து டிரம்மிலிருந்து நழுவிவிடாதபடி முக்கால் முறுக்கு கூடுதலாக வைப்பார்கள். ஆக மொத்தம் ஏழரை முறுக்கு. 34 நியூட்டன் மீட்டர் வரை ஏழரை முறுக்கு ஏற்றிய ஸ்பிரிங்குகளில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 800 ஜூல். பத்துக் கிலோ அரிசி மூட்டை மூன்றாவது மாடியிலிருந்து தரையில் விழும்போது எவ்வளவு ஆற்றலோ அவ்வளவு. கதவு மூடியிருக்கும் இரவு முழுவதும், வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த 800 ஜூல் கதவுக்கு மேலே காத்திருக்கிறது.

கதவைத் தூக்கும்போது இந்த ஆற்றல் 68 கிலோ நிறையை நகர்த்துவதில் செலவாகிறது. அதனால் கதவு சாந்தமாக நகர்கிறது. ஸ்பிரிங்கின் கோனை ஷாஃப்டிலிருந்து தளர்த்தியவுடன் நிலைமை வேறு. அப்போது ஆற்றலுக்கு எதிரே நிற்பது ஸ்பிரிங்கின் சொந்த நிறையும் ஒரு சிறு கோனும்தான். ஆற்றல் அதேதான், நிறை மிகச் சிறியது, வேகம் அதனாலேயே பயங்கரமாகிறது. முறுக்கேற்றும் தண்டைச் செருகக் கோனில் உள்ள துளையில் அப்போது ஒரு ஸ்குரூ டிரைவர் செருகியிருந்தால் அதுதான் யாரையாவது அடிக்கும்.

கைக்கு இந்த ஆபத்து தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. இரண்டு ஸ்பிரிங் உள்ள கதவில் ஒன்றின் பங்கு 17 நியூட்டன் மீட்டர். ஒன்றரை அடி நீளமுள்ள தண்டைக் கோனில் செருகிப் பிடித்தால், கடைசி முறுக்கில்கூடக் கையில் உணரும் பாரம் நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதென்ன பெரிய வேலை என்று தோன்றும். கை உணர்வது விசையை மட்டும்தான். அந்த விசை ஏழரை முறுக்கு தூரம் தொடர்ந்து தள்ளக் காத்திருக்கிறது என்பதைக் கையால் அறிய முடியாது.

ஸ்பிரிங் என்றால் கம்பி முறுக்கிக்கொள்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். இந்த வகை ஸ்பிரிங்கில் நடப்பது அதுவல்ல. சுருள் முழுவதும் முறுக்கப்படும்போது, கம்பியின் ஒவ்வொரு சிறு துண்டும் முறுக்கப்படுவதில்லை, வளைக்கப்படுகிறது. ஏற்கெனவே வளையமாக இருக்கும் கம்பி இன்னும் கொஞ்சம் இறுக்கமாக வளைகிறது. நேர்மாறாக, சில கராஜ்களில் தண்டவாளத்தோடு நீளவாக்கில் இழுபடும் ஸ்பிரிங் இருக்கும். சுருள் முழுவதும் நேராக நீளும் அந்த ஸ்பிரிங்கில்தான் கம்பி தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது.

நாம் எடுத்துக்கொண்ட கதவுக்கு, உள்விட்டம் 2 அங்குலமும் கம்பித் தடிப்பு 5.26 மில்லிமீட்டரும் உள்ள ஸ்பிரிங் பொருந்தும். கணக்குப்படி ஒவ்வொன்றிலும் சுமார் 115 வளையங்கள் வேண்டும். சுருளின் நீளம் 60 செ.மீ.தான்; அதை நீட்டி நேராக்கினால் கம்பி 20 மீட்டர். ஏழரை முறுக்கு இந்த 115 வளையங்களிலும் பங்கிடப்படுவதால், ஒவ்வொரு வளையமும் கூடுதலாக வளைவது 24 பாகைக்கும் குறைவு. நீளமான கம்பி வேலையைப் பகிர்ந்துகொள்கிறது. அதனால்தான் இவ்வளவு முறுக்கு ஏற்றியும் எஃகு நிரந்தரமாகக் கோணிப்போவதில்லை.

முறுக்கு ஏறும்போது ஸ்பிரிங் கண்முன்னே மாறுகிறது. ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு வளையம் கூடுகிறது. கம்பியின் நீளம் அதேதான் என்பதால் வளையங்களின் விட்டம் சுருங்குகிறது. ஒரு வளையம் கூடியதால் சுருள் ஒரு கம்பித் தடிப்பு அளவுக்கு நீள்கிறது. ஏழரை முறுக்கு முடிந்தபோது ஸ்பிரிங் சுமார் 4 செ.மீ. நீண்டிருக்கும். ஸ்பிரிங் உடைந்த கதவைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் ஞாபகம் இருக்கலாம். உடைந்த இடத்தில் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே தெரியும் இடைவெளி அதுதான். உடைந்ததும் முறுக்கெல்லாம் அவிழ்ந்து, சுருள் பழைய நீளத்துக்குச் சுருங்கி, கூடியிருந்த நீளத்தை இடைவெளியாக விட்டுவிடுகிறது. சுருளில் ஒரு இடைவெளி தெரிந்தால் அது தளர்ச்சியல்ல, முறிவு.

ஏன் முறிகிறது? இந்தக் கம்பி ஒவ்வொரு முறை கதவு மூடும்போதும் சுமார் 1,200 மெகாபாஸ்கல் தகைவைச் சுமக்கிறது. கட்டுமான வேலைக்கான சாதாரண எஃகு 250 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக வளைந்துவிடும். எண்ணெயில் பதப்படுத்திய உயர்கரிம எஃகுக் கம்பி என்பதால் இது தாங்குகிறது. ஆனாலும் தன் முறிவு வலிமையில் முக்கால் பங்குக்கு மேல் அது தினமும் தொட்டுத் திரும்புகிறது. ஒரு முறை தாங்கிய பாரத்தை எஃகு எத்தனை முறையும் தாங்கும் என்றுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பொறியாளர்கள் நம்பினார்கள். 1842 மே மாதம், பாரிஸுக்கும் வெர்சாய்க்கும் இடையே ஒரு ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து, ரயில் தடம்புரண்டு தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த அச்சு பல காலம் நன்றாக ஓடிய அச்சு. பிறகு பிரஷ்ய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுமையேற்றிச் சோதித்து, உலோகம் பாரத்தின் அளவால் மட்டுமல்ல, பாரம் ஏறி இறங்கும் எண்ணிக்கையாலும் முறிகிறது என்று நிறுவினார். பொறியாளர்கள் இதை உலோகச் சோர்வு என்கிறார்கள்.

வழக்கமான கராஜ் ஸ்பிரிங்கின் ஆயுள் 10,000 ஏற்ற இறக்கங்கள் என்று கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. காலையில் வேலைக்கு ஒருமுறை, பிள்ளைகளுக்கு ஒருமுறை, மாலையில் ஒன்று, குப்பைத்தொட்டிக்கு ஒன்று என்று நாளைக்கு நான்கு முறை திறந்து மூடினால் ஆண்டுக்கு 1,460. ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகவே கணக்கு முடிந்துவிடும். தகைவைச் சிறிது குறைத்தாலே இந்த எண்ணிக்கை பல மடங்கு உயரும் என்பதுதான் வோலரின் சோதனைகள் தரும் நல்ல செய்தி. சற்றுத் தடித்த கம்பியில், அதிக வளையங்களோடு, அதே திருப்புவிசை தரும் நீளமான ஸ்பிரிங்கை வாங்கினால் 25,000 ஏற்ற இறக்கங்கள் வரைகூடப் போகலாம். விலையில் கூடுதல் சிறிதுதான். ஷாஃப்டில் இடமிருந்தால் இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

சோர்வு விரிசல் கம்பியின் மேற்பரப்பில் தொடங்கும். துருப் புள்ளி ஒன்று இருந்தால் விரிசலுக்கு அதுவே பிறப்பிடம். தகைவு உச்சத்தில் இருக்கும் நேரம் கதவு மூடியிருக்கும் நேரம்; எனவே ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் யாரும் தொடாதபோதே, துப்பாக்கி வெடித்தது போன்ற சத்தத்தோடு உடைகின்றன. குளிர்காலக் காலைகளில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம் உண்டு. விரிசல் ஏற்கெனவே வளர்ந்திருக்கும். குளிரில் எஃகின் விரிசல் தாங்கும் திறன் குறைகிறது.

ஆகவே பராமரிப்பின் முதல் வேலை துருவைத் தடுப்பது. ஆண்டுக்கு இரண்டு முறை, பனிக்காலத்துக்கு முன்பு ஒன்றும் பின்பு ஒன்றுமாக, சுருளின் முழு நீளத்துக்கும் எண்ணெய் அடியுங்கள். துரு கழற்றுவதற்கென்று விற்கும் மெல்லிய திரவம் சீக்கிரம் ஆவியாகிவிடும்; அது போதாது. கராஜ் கதவுக்கென்றே விற்கும் எண்ணெய் ஸ்பிரே அல்லது லித்தியம் கிரீஸ் ஸ்பிரே நிற்கும். எண்ணெய் வளையங்களுக்கு இடையேயான உராய்வையும் குறைக்கிறது. ஸ்பிரிங்கின் கடினத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் கோட்பாட்டின்படி 10.2 வர வேண்டிய இடத்தில் பொறியாளர்கள் 10.8 என்று போடுகிறார்கள். அந்த வேறுபாடு அனுபவத்தில் கண்ட உராய்வுக்கான ஒதுக்கீடு. தண்டவாளத்துக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். அங்கே அது புழுதியைச் சேர்த்துப் பசையாக்கும். துணியால் துடைத்தால் போதும்.

கனடாவிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் ஸ்பிரிங்கைவிடச் சீக்கிரம் கெடக்கூடியது கேபிள். சாலையில் பனி உருகத் தூவும் உப்பு, கார்ச் சக்கரத்தோடு கராஜுக்குள் வந்து உப்புநீராகத் தேங்குகிறது. கேபிளின் கீழ்முனை, கதவின் அடிமூலையில் உள்ள பிராக்கெட்டோடு சேருமிடத்தில், அந்த ஈரத்திலேயே கிடக்கிறது. ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒரு இழை பிய்ந்து நின்றாலும் கேபிளின் காலம் முடிந்தது. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த அடி பிராக்கெட்டின் திருகுகளை, ஸ்பிரிங்கில் முறுக்கு இருக்கும்போது கழற்றவே கூடாது. ஸ்பிரிங்கின் முழு இழுப்பும் கேபிள் வழியாக அந்தத் திருகுகளில்தான் வந்து முடிகிறது.

அடுத்தது சமநிலைச் சோதனை. இது எல்லோரும் செய்யக்கூடியது, செய்ய வேண்டியது. கதவை முழுவதும் மூடிய பிறகு, மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துப் பிடியை விடுவியுங்கள். கதவு திறந்திருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தால் 68 கிலோவும் அப்படியே இறங்கிவிடும். பிறகு கதவைக் கையால் இடுப்புயரம் தூக்கி மெல்ல விட்டுப்பாருங்கள். நல்ல கதவு அங்கேயே நிற்கும். கீழே சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கதவு கனத்திருக்கிறது. குளிருக்காகக் கதவின் உட்புறத்தில் நுரைப் பலகை ஒட்டியவர்கள், மரக் கதவுக்குப் பூச்சின் மேல் பூச்சாக அடித்தவர்கள் இதை யோசிப்பதில்லை. எடை சில கிலோ கூடினாலும் பழைய ஸ்பிரிங்குக்கு அது புதுக் கதவுதான். நம் உதாரணக் கதவில் இரண்டு ஸ்பிரிங்கிலும் கால் முறுக்குக் கூட்டினால் சுமார் 2.3 கிலோ வேறுபாட்டைச் சரிசெய்யலாம். அதற்கு மேல் வேறுபாடு இருந்தால் முறுக்கைக் கூட்டிக்கொண்டே போவது வழியல்ல. ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். கூட்டிய ஒவ்வொரு முறுக்கும் தகைவை ஏற்றி ஆயுளைக் குறைக்கிறது.

சமநிலை கெட்ட கதவை மோட்டாரைக் கொண்டு இழுக்கவைப்பது கெட்ட பழக்கம். ஒரு ஸ்பிரிங் உடைந்து மற்றது பாதி எடையைத் தாங்கும்போதுகூட மோட்டார் சில நாள் இழுத்துவிடும். பல மோட்டார்களுக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரம் பிறகு தேய்ந்து தூளாகிவிடும். 1993 முதல் அமெரிக்காவில் விற்கும் வீட்டு மோட்டார்களில், எதிரே ஆளோ பொருளோ இருந்தால் கதவைத் திருப்பியனுப்பும் பாதுகாப்பு சட்டப்படி கட்டாயம். தரைக்கு ஆறு அங்குலத்துக்குள் இருபுறமும் பொருத்திய ஒளிக்கண்கள் அதற்குத்தான். ஸ்பிரிங் உடைந்த கதவு அந்த ஒளிக்கண்களுக்குக் கட்டுப்பட்டதல்ல. அது ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டது.

சரி, மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய ஸ்பிரிங்கைச் சரியாக அளப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கம்பியின் தடிப்பை ஒற்றை வளையத்தில் அளந்தால் பிழை வரும். நெருக்கமாக ஒட்டியிருக்கும் 20 வளையங்களின் மொத்த நீளத்தை அளந்து 20-ஆல் வகுக்க வேண்டும். முறுக்கு இல்லாத, உடைந்த சுருளில் இதைச் செய்வது எளிது. இவ்வளவு கவனம் எதற்கு என்றால், ஸ்பிரிங்கின் கடினம் கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. 0.243 அங்குலக் கம்பிக்குப் பதில் 0.250 அங்குலக் கம்பி வாங்கிவிட்டால், வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்பிரிங்கின் பலமோ 12 சதவீதம் கூடிவிடும். கதவு தானாக மேலே பறக்கும். தடிப்பு, உள்விட்டம், முறுக்கில்லாத நீளம், எந்தப் பக்கம் சுற்றிய சுருள் என்ற நான்கும் சரியாக இருந்தால்தான் அது உங்கள் கதவின் ஸ்பிரிங். நடுத்தகட்டின் இருபுறமும் எதிரெதிர்ப் பக்கம் சுற்றிய சுருள்கள் வேண்டும். வழக்கமாக ஒன்றின் கோனுக்குச் சிவப்பும் மற்றதற்குக் கறுப்பும் பூசியிருப்பார்கள்.

ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கையில் ஏறி இறங்கியவை. இன்று ஒன்று போனால் அடுத்ததற்கும் நாள் நெருங்கிவிட்டது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உடைந்த ஸ்பிரிங்கில் ஆபத்தே இல்லை. அது வெறும் கம்பி. உடையாமல் பக்கத்தில் அமைதியாக இருக்கும் இரண்டாவது ஸ்பிரிங்கில் ஏழரை முறுக்கும் அப்படியே இருக்கிறது.

அதை அவிழ்க்க வேண்டிய கருவி அரை அங்குலத் தடிப்பும் ஒன்றரை அடி நீளமும் உள்ள இரண்டு எஃகுத் தண்டுகள். கோனின் துளைக்குள் அவை ஆடாமல் அடிவரை இறங்க வேண்டும். ஸ்குரூ டிரைவரோ, கையில் கிடைத்த கம்பியோ அந்தத் துளையில் ஆடும், நழுவும். கதவை மூடி, மோட்டாரின் மின்இணைப்பைப் பிடுங்கி, ஒரு ரோலருக்கு மேலே தண்டவாளத்தில் லாக்கிங் பிளையரைக் கவ்வவைத்துக் கதவு ஏறாதபடி செய்த பிறகே ஏணி. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். முகமும் உடம்பும் தண்டு சுழலும் பாதைக்கு வெளியே, பக்கவாட்டில் இருக்க வேண்டும். முதல் தண்டைச் செருகிப் பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் செட் ஸ்குரூவைத் தளர்த்த வேண்டும். கோனில் நான்கு துளைகள். ஒரு தண்டு பாரத்தைத் தாங்கக் கால் முறுக்கு இறக்கி, அடுத்த துளையில் மற்றத் தண்டைச் செருகி, பாரம் கைமாறிய பிறகே முதல் தண்டை உருவ வேண்டும். ஏதேனும் ஒரு தண்டு எப்போதும் துளைக்குள் இருக்கும். இப்படி முப்பது கால் முறுக்குகள். இருபத்தைந்தாவது முறை கவனம் சிதறுவது மனித இயல்பு என்பதால் இடையில் நிறுத்தவோ, பேசவோ கூடாது.

பிறகு டிரம்களைத் தளர்த்தி, பழையதை ஷாஃப்டிலிருந்து உருவி, புதியதைக் கோத்து, நடுத்தகட்டில் பூட்டி, இரு கேபிள்களும் ஒரே இறுக்கத்தில் இருக்க டிரம்களை மறுபடி இறுக்குவது சாதாரணப் பொருத்தும் வேலை. ஏற்றும்போது முறுக்குகளை எண்ண வாய்க்கணக்கை நம்ப வேண்டியதில்லை. ஸ்பிரிங்கின் நீளவாக்கில் சாக்கட்டியால் ஒரு நேர்கோடு போட்டால், முறுக்க முறுக்க அது சுருளைச் சுற்றிய பட்டைகளாக மாறும். பட்டைகளை எண்ணினால் முறுக்குகள். பல புதிய ஸ்பிரிங்குகளில் இந்தக் கோட்டைத் தொழிற்சாலையிலேயே பூசிவிடுகிறார்கள். முதல் இரண்டு முறுக்குகளில் சுருளின் விட்டம் சுருங்குகிறதா என்று பாருங்கள். விரிந்தால் தவறான பக்கம் சுற்றுகிறீர்கள். சுருங்கும் பக்கம்தான் சரி என்பதற்குக் காரணம் உண்டு: கம்பியைச் சுருளாக வளைத்தபோதே அதன் வெளிப்புறத்தில் ஒரு அமுக்கத் தகைவு தங்கிவிட்டிருக்கிறது. சுருங்கும் பக்கம் முறுக்கும்போது வெளிப்புறத்தில் எழும் இழுவிசைத் தகைவை அது ஓரளவு ஈடுகட்டுகிறது. மறுபக்கம் முறுக்கினால் அந்தத் துணை எதிரியாகிவிடும்.

ஏழரை முறுக்கு முடிந்ததும் செட் ஸ்குரூக்கள் ஷாஃப்டைத் தொட்ட பிறகு மேலும் அரை முதல் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். வெறியோடு இறுக்கினால் குழாய் ஷாஃப்ட் நசுங்கும். தண்டை உருவிய பிறகு, தண்டவாளத்தின் பிளையரை எடுத்துவிட்டு, மோட்டார் இல்லாமல் கையால் கதவைத் தூக்கி இடுப்புயரச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

நீளவாக்கில் இழுபடும் ஸ்பிரிங் உள்ள கதவுக்கு முறை நேர்மாறு. அது கதவு திறந்திருக்கும்போது தளர்ந்திருக்கும். எனவே கதவை முழுவதும் ஏற்றி, இருபுறமும் பிளையரால் பூட்டி, முட்டும் கொடுத்த பிறகு மாற்ற வேண்டும். இந்த வகையில் சுருளின் நடுவே ஒரு பாதுகாப்புக் கேபிள் நுழைந்து இரு முனையிலும் கட்டப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், உடையும் ஸ்பிரிங் கராஜின் குறுக்கே பறக்கும். கார் நிற்கும் இடத்துக்கும் பிள்ளைகளின் மிதிவண்டிக்கும் மேலேதான் அது பறக்கும். ஒரு கேபிளின் விலை சொற்பம்.

எல்லோரும் இதைத் தாங்களே செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எண்ணெய், கேபிள் பார்வை, சமநிலைச் சோதனை, அளவெடுப்பு ஆகியவை வீட்டுக்காரரின் வேலை. இவற்றைத் தள்ளிப்போட நியாயமே இல்லை. இழுபடும் ஸ்பிரிங்கைக் கவனமுள்ளவர் மாற்றலாம். முறுக்கு ஸ்பிரிங்கை, சரியான தண்டுகளும், திடமான ஏணியும், அவசரமில்லாத ஒரு பகலும், மேலே சொன்ன ஒவ்வொரு படிக்கும் காரணம் தெரிந்த மனமும் இருந்தால் மட்டும் தொடுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தொழில் தெரிந்தவரை அழையுங்கள். அவர் வரும்போது கம்பித் தடிப்பையும் ஏற்ற இறக்க எண்ணிக்கையையும் நீங்கள் கேட்டால், உங்களுக்கு எந்த ஸ்பிரிங் மாட்டப்படுகிறது என்பது தெரியும்.

யார் மாட்டினாலும், கதவின் உட்புறத்தில் அழியாத மையால் மாற்றிய தேதி, கம்பித் தடிப்பு, உள்விட்டம், நீளம், முறுக்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிவையுங்கள். உங்கள் வீட்டின் நாளொன்றுக்கான ஏற்ற இறக்கத்தை 365-ஆல் பெருக்கி, அந்தத் தொகையால் 10,000-ஐ வகுத்தால் அடுத்த ஸ்பிரிங் எத்தனை ஆண்டில் தேவைப்படும் என்பது கிடைக்கும். அந்த ஆண்டையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.